லோஃப்ட்டுக்கு ஒரு கதவு

மாடி என்று சொன்னால் ஒரு விலை, லோஃப்ட் என்று சொன்னால் வேறு விலை. இந்த விவரம் உடையப்பனுக்குத் தெரியவந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் காலமெல்லாம் பாய் விரித்துப் படுத்த அதே கிட்டங்கி மாடிதான். சிரம்பான் பழைய டவுனில், கடல் கடந்து வந்த செட்டியார்கள் கடையும் படுக்கையுமாகக் கிடந்த அந்தக் கட்டடத்தை ஒரு கம்பெனி வாங்கி, ஓட்டைப் பிரித்துக் கண்ணாடி வைத்து, உள்ளேயே படிக்கட்டு ஏற்றி, நாலு ஆடம்பர வீடாக்கி விற்பனைக்குப் போட்டது. சுவர்ப் பூச்சைக்கூடச் சுரண்டிவிட்டார்கள். செங்கல் தெரிந்தால்தான் பணக்காரத்தனமாம். இதை எங்கே போய்ச் சொல்ல.

கிட்டங்கி என்றால் ஒரே நீளக் கூடம். ஆளுக்கொரு மரப்பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாய் போடுகிற இடம். அதுதான் பெட்டியடி. பகலில் அதில் உட்கார்ந்து வட்டித் தொழில், இரவில் அதிலேயே படுக்கை. விடிந்ததும் பாயைச் சுருட்டிப் பெட்டிமேல் வைத்துவிட்டால் அங்கே ஒரு மனுஷன் படுத்த அடையாளமே இருக்காது. சமையல்காரர் இலை போட்டால் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட்டு, எழுந்துபோவார்கள். பெண்களுக்கு அங்கே இடமில்லை. பெண்டாட்டி பிள்ளையெல்லாம் ஊரில். மூன்று வருஷத்துக்கொரு முறை போய்ச் சில மாசம் இருந்துவிட்டு வருவது வழக்கம்.

உடையப்பன் மனைவி சீதையின் கதையும் அதுதான். கல்யாணமானதும் அவர்களை வேறு வைத்தார்கள். அதாவது, பெரிய வீட்டுக்குள்ளேயே புதுத் தம்பதிக்கென்று பூட்டுச்சாவியோடு ஓர் அறையும், தனி அடுப்பும் கொடுத்தார்கள். அடுத்த மாசமே மாப்பிள்ளை கப்பல் ஏறிவிட்டார். ரெண்டு பேருக்கு மூட்டிய அடுப்பில் சீதை தனக்கு மட்டும் பொங்கிச் சாப்பிட்டாள். இடையில் ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கட்டிக்கொடுத்ததும் மதுரைக்குப் போனாள். மறுபடியும் ஒருத்திக்குச் சோறு.

"என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்களேன்" என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தாள்.

"கிட்டங்கியில பொம்பளைக்கு இடமில்லையே" என்றார்.

"சரி, இடம் வந்தாச் சொல்லுங்க" என்று அவள் அந்தப் பேச்சை முடித்தாள். இவர் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டார்.

மற்றவர்கள் பாரோய் பக்கம் வீடு பிடித்துக் குடும்பத்தைக் கொண்டுவந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஆளாகிவிட்டார்கள். உடையப்பன் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே இருந்துவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. ஒரு பாய்க்கு வெளியே யோசிக்கத் தெரியாத மனுஷன், அவ்வளவுதான்.

கிட்டங்கியை விற்றதும் கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகள் வீட்டுக்கும் ஊருக்கும் போனார்கள். உடையப்பன் மட்டும் கையில் இருந்ததையெல்லாம் போட்டு, தெருவைப் பார்த்த முன்வீட்டை வாங்கினார். இடம் வந்துவிட்டது, இனி சீதை வரவேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தார். வேறொரு நினைப்பும் அவருக்கு இல்லை.

விற்றுக்கொடுத்தவள் டோரின். சுங்கை காடுட் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து, செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்து, பிறகு வீடு விற்கக் கிளம்பிய பெண். மோட்டாரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டிக் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பாள். ஆன்ட்டி வருகிறார் என்று கேள்விப்பட்டு ஒரு பூங்கொத்துகூட வாங்கி வந்தாள்.

சீதை வந்தாள். ஒரு மாச விசாவில், ஒரு பெட்டியோடு. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"பூசி முடிக்கிறதுக்குள்ள குடிவந்துட்டீகளா?"

"இல்ல ஆன்ட்டி, இதுதான் ஸ்டைலு லா" என்று அந்த ஊர் இழுவையோடு சொன்னாள் டோரின்.

சீதை கூடத்தைச் சுற்றிவந்தாள். மேலே படியேறினால் பரண் மாதிரி ஒரு தளம், அதில் கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த பெரிய கட்டில், பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு. கீழே ஒரு சுவரோரம் உடையப்பனின் மரப்பெட்டி, மேலே சுருட்டிய பாய். எதிர்ச் சுவரில், ஜன்னலை ஒட்டி, பளபளவென்று ஒரு புது மரப்பெட்டி. அதன்மேல் ஒரு புதுப் பாய்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான்" என்றார் உடையப்பன். குரலில் பெருமை தாங்கவில்லை. "ஜன்னல் பக்கம். கிட்டங்கியில மூத்தவுகளுக்குத்தான் அந்த இடம் விடுவோம். எனக்கே கடைசி வரைக்கும் கிடைக்கல."

சீதை பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டோரினும் சேர்ந்து சிரித்து, பிறகு பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்குப் பெட்டியடி போட்டிருக்கீக" என்றாள் சீதை. "சரி. கதவு எங்க?"

"வாசக்கதவுதான் இருக்கே."

"உள்ளே."

"உள்ளே எதுக்குக் கதவு? நாம ரெண்டு பேர்தானே."

"ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்குத்தாங்க உள்கதவு வேணும்" என்றாள். அவருக்குப் புரியவில்லை.

அந்த ஒரு மாசத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை, சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. அவர் விடியுமுன் எழுந்து, பாயைச் சுருட்டி, குளித்துவிட்டுப் பெட்டிப் பக்கம் உட்கார்ந்துவிடுவார். அவள் சோறு வைத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு மளமளவென்று சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். குழம்பு எப்படி என்று கேட்டால் திடுக்கிட்டு, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்பார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தன் நேரத்துக்குத் தனியாகச் சாப்பிட்டே பழகியவள், அவர் எழுந்துபோன பிறகுதான் தனக்குப் போட்டுக்கொள்வாள். பெரிய கூடத்தின் இரண்டு ஓரத்தில் இரண்டு பேர் தூங்கினார்கள். கட்டிலின் பிளாஸ்டிக் உறை கடைசிவரை பிரிபடவில்லை. ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது உடையப்பன் மருந்து வாங்கிவந்து, அவள் பாயிலிருந்து ஒரு முழம் தள்ளியே வைத்துவிட்டுத் திரும்பினார். அடுத்தவர் பெட்டியடியில் காலெடுத்து வைக்கக்கூடாது என்பது கிட்டங்கி மரியாதை.

கிளம்புவதற்கு முதல்நாள், "இருந்துடேன், விசாவை நீட்டிக்கலாம்" என்றார்.

"வேண்டாங்க" என்றாள் சீதை. கோபமாகச் சொல்லவில்லை. "அங்க நான் தனியா இருக்கேன். அது பழகிப்போச்சு. இங்க நான் தனியா இருக்கிறதை நீங்க எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கீக. அது என்னால முடியல."

அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தபின் வீடு இன்னும் பெரிதாகிவிட்டது. கூட இருபது பேர் குறட்டை விட்டபோது தூங்கிய மனுஷனுக்கு இப்போது தூக்கம் வரவில்லை. இத்தனைக்கும் ஜன்னலோரத்து இடம் காலியாகத்தான் கிடந்தது. அவர் அங்கே போய்ப் படுக்கவில்லை. அது சீதையின் இடம்.

டோரின் எட்டிப் பார்க்க வந்த ஒரு மத்தியானம் அவளிடம் கேட்டார், "உங்க எஸ்டேட் லயத்து வீட்ல உள்கதவு இருந்துச்சாம்மா?"

"ஒரே ரூம், ஒரு திண்ணை அங்கிள், ஏழு பேரு. ஆனா கதவு இருந்துச்சு. பலகையில எங்கப்பாவே அடிச்சது. அப்பாவும் அம்மாவும் சண்டை போடணும், சமாதானம் ஆகணும்ல? எங்களை வெளிய தள்ளிட்டுச் சாத்திக்குவாங்க" என்று சிரித்தாள்.

கதவுதான் பிரச்சினை என்று உடையப்பன் முடிவுகட்டிவிட்டார். மறுவாரமே ஆசாரி வந்தார். ஜன்னலோரத்து இடத்தைச் சுற்றிச் சுவர் எழுந்தது, நல்ல செங்கால் மரத்தில் கதவு, பித்தளைப் பூட்டு. டோரின் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அங்கிள், லோஃப்ட்னா ஓப்பனா இருக்கணும் லா. ரூம் கட்டினா வேல்யூ போச்சு. இனிமே யார் வாங்குவா?"

"விக்கிறதுக்கா கட்டுறேன்" என்றார் அவர். அந்த வாரம் முழுக்க மனுஷர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி திரிந்தார்.

வேலை முடிந்த அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டார். டோரின் பக்கத்தில்தான் இருந்தாள்.

"சீதை, கதவு போட்டுட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். தனி அறை. பூட்டும் இருக்கு."

"சாவி?"

"உன்கிட்டத்தான் இருக்கும்."

சீதை சிரித்தது அவருக்குக் கேட்டது. வந்தபோது சிரித்த சிரிப்பு இல்லை இது. கல்யாணமான புதிதில் கேட்டது. உடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்துவிடுவாள் என்று தெரிந்துவிட்டது.

"அப்ப நீங்க எங்க இருப்பீக?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நானா? நான் வெளியதான். என் பெட்டிகிட்ட" என்றார் உடனே. அவளுக்கு ஒரு தொந்தரவும் தரமாட்டேன் என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடவேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

லைன் அறுந்துபோய்விட்டதோ என்று அவர் ரெண்டு தடவை "ஹலோ" சொல்லிப் பார்த்தார்.

"இருக்கேன்" என்றாள் சீதை. "வித்துடுங்க அதை. உடம்பைப் பாத்துக்குங்க. வைக்கட்டா?"

போனை வைத்தவர் அப்படியே நின்றார். என்ன தப்பாகச் சொன்னோம் என்று ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிப் பார்த்தார். கதவு, பூட்டு, சாவி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு, நீங்க எங்க இருப்பீக என்று அவள் கேட்டதற்கு வந்து சேர்ந்தார். முகம் விழுந்துபோயிற்று. திரும்பப் போன் எடுத்து எண்களை அழுத்த ஆரம்பித்து, பாதியில் வைத்துவிட்டார். நானும் உள்ளேதான் என்று இப்போது சொன்னால் சொல்லிக்கொடுத்துச் சொன்ன மாதிரி இருக்கும்.

"ஆன்ட்டி எப்ப வர்றாங்க அங்கிள்?" என்றாள் டோரின்.

"பேப்பர்ல விளம்பரம் போடணும்மா. வீட்டை விக்கணும்."

டோரின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புதுக் கதவைப் பார்த்தாள். "ரூமை என்னன்னு போடறது? வாங்க வர்றவங்க கேப்பாங்களே."

உடையப்பன் போய் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு பார்த்தார். உள்ளே பெட்டிமேல் பாய் சுருட்டியபடி இருந்தது.

"புதுசுன்னு போடு" என்றார். "யாரும் புழங்கலைன்னு போடு."