எலிக்கும் அதே சவாரி

"மனுஷ செல் எல்லாத்தையும் கட்டுரையிலருந்து எடுத்துடு. எலி மட்டும் போதும்," என்றார் பேராசிரியர்.

ஆய்வகத்தில் எல்லோரும் அந்த ஆராய்ச்சி மாணவியை 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார்கள். மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் மூளைச் செல்லின் சவ்வைத் துளி கிள்ளியெடுத்து, மின்னேற்றத் துகள்களை உள்ளே வெளியே விடும் அதிலுள்ள அயனி வாயில்கள் திறக்கும்போது பாயும் மின்னோட்டத்தை அளப்பது அவள் வேலை. எலியின் சவ்வில் அது தாராளமாக வந்தது. அறுவை சிகிச்சையில் எடுத்து, நோயாளிகள் சம்மதித்துக் கொடுத்த மனித மூளைத் துணுக்கிலோ செல் எவ்வளவோ பெரிது; ஆனால் அதே அளவு சவ்வில் மின்னோட்டம் சொற்பம்.

"குறைவா வந்தா அது கெட்ட செல். அதானே நம்ம விதி?"

விதி மைக்ராஸ்கோப்பின் மேலேயே ஒட்டியிருந்தது.

"அது எலியை வச்சு எழுதினது சார்."

"எலியைவிட மனுஷனுக்குக் குறைச்சலா? கேக்கறவன் சிரிப்பான். ஆஸ்பத்திரிலருந்து வர்ற வழியிலயே பாதி செத்திருக்கும். வண்டிக்காரன் எங்கெங்க நின்னு வந்தானோ."

வண்டி ஓட்டுவது அவளுடைய அண்ணன். அது அவருக்கும் தெரியும். அவளுக்குச் சுருக்கென்றது.

"அப்ப எலியும் அதே வழியில வரட்டும்."

"எலிக்கு ஊர் சுத்திக் காட்டப் போறியா?"

"ஆமா சார். அதுவரைக்கும், வேணும்னா என் பேரை எடுத்துடுங்க. செல்லை எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே சந்தேகம். ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ?

அடுத்த அறுவை சிகிச்சையன்று, எலி மூளைத் துணுக்கை ஒரு புட்டியில் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள். நர்ஸ் மனிதத் துணுக்கைத் தந்ததும் இரண்டையும் ஒரே குளிர்பெட்டியில், ஒரே கரைசலில் வைத்தாள்.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "எலி முன்சீட்டு வேணும்னு அடம்பிடிக்கலயே?"

"இன்னிக்கு மெதுவா போண்ணா. சிக்னல் சிக்னலா நின்னு போ."

"உங்க சார்கிட்ட வாங்கின திட்டு போதலயாக்கும்?"

"அதுக்குத்தான் சொல்றேன். அப்பவும் எலி செல் பிழைச்சா, வழியைக் குத்தம் சொல்ல முடியாது."

ஆய்வகத்தில் ஊசியைப் பேராசிரியரிடமே நீட்டினாள். "நீங்களே அளந்து பாருங்க."

எலி செல்லில் மின்னோட்டம் எப்போதும்போலத் துள்ளி எழுந்தது.

"சாகலயே," என்று முணுமுணுத்தார்.

பிறகு மனித செல். செல் நலமாக இருப்பதைக் காட்டும் ஓய்வு மின்னழுத்தம் ஆடாமல் அசையாமல் நின்றது. செல்லுக்கு ஒரு குறையும் இல்லை. மின்னோட்டம் மட்டும் சொற்பம். வேறு செல்லைப் பிடித்தார். அதிலும் சொற்பம்.

"இவ்வளவு பெரிய செல், இதை வச்சு எப்படிக் காலம் தள்ளுது?"

"அயனி வாயில் குறைஞ்சா சக்தி மிச்சமோ என்னவோ. ஏன்னு எனக்குத் தெரியல சார். குறைவுன்னு மட்டும் தெரியும்."

"ஒரு நாளை வச்சு முடிவு கட்ட முடியாது."

"அடுத்த தடவையும் எலி வரும். அதுக்கடுத்த தடவையும்."

அவள் பேனாவை எடுத்து, ஒட்டியிருந்த விதியின் தலையில் 'எலிக்கு மட்டும்' என்று எழுதினாள். அவர் படித்தார்; அதை அடித்துத் திருத்தவில்லை.

"சரி, மனுஷ செல் இருக்கட்டும்," என்றார், எழுந்தபடி. "வண்டி மேல தப்பில்லை போல."

"அதை அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். கீழதான் நிக்கிறாரு."