கைராசிக்காரர் கண்ட கறுப்புப் புள்ளி

லேத் பட்டறையில் கண்ணில் தூசி விழுந்தால் யாரும் என்னைப் போன்ற கண் டாக்டரிடம் ஓடி வருவதில்லை. அங்கேயே ஒரு கைராசிக்காரர் இருப்பார். இமையைப் புரட்டி, துணி நுனியால் ஒற்றி எடுத்துவிடுவார். இந்த ஆள்களால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறாத வாரமே கிடையாது.

அன்று வந்த லேத்காரரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தவரே அப்படியொரு கைராசிக்காரர்தான். லேத்காரரின் மனைவிக்கு அண்ணன். இரும்புச் சீவல் தெறித்து மாப்பிள்ளையின் இடது கண்ணைக் கிழித்திருந்தது.

"கறுப்பா ஒரு தூசி டாக்டர். ஒத்தி ஒத்தி எடுத்தும் வர மாட்டேங்குது."

"அது தூசி இல்ல. கண்ணுக்குள்ள பாப்பாவைச் சுத்தி இருக்கற கறுப்புத் திரை. கிழிசல் வழியா வெளிய வந்திருக்கு. அதைத்தான் இழுத்திருக்கீங்க."

மனிதர் பேயறைந்த மாதிரி நின்றார். பக்கத்திலிருந்த தங்கை அண்ணனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"பார்வை வருமா டாக்டர்?"

"வர வைக்கறேன்மா."

வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கிழிசல் கருவிழியின் ஓரத்தில்தான் இருந்தது. சீவல் உள்ளே தங்கவில்லை என்று ஸ்கேன் காட்டியது. லென்ஸும் தப்பித்திருந்தது. மீதியை என் கை பார்த்துக்கொள்ளும்.

மயக்கம் கொடுத்து மைக்ராஸ்கோப்பைத் தாழ்த்தினேன். திரை கசங்கியிருந்தது, ஆனால் உயிர் இருந்தது. மருந்துநீரால் கழுவி, மழுங்கிய கம்பியால் மெல்ல உள்ளே தள்ளினேன். போனது, வந்தது. மறுபடியும் போனது, வந்தது. மாமியார் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் மருமகள்கூட இவ்வளவு பாடுபடுத்தமாட்டாள். "போய் உட்காரு" என்று வாய்விட்டே அதட்டினேன். நர்ஸ் சிரித்தாள். அடுத்த தடவை உட்கார்ந்தது.

கறுப்பும் வெள்ளையும் சேரும் கோட்டில்தான் முதல் தையல். அது நேராக விழுந்தால் மற்றவை வழிக்கு வந்துவிடும். முடியைவிட மெல்லிய நூல், மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் முடிச்சுப் போட வேண்டும். முடித்ததும் மஞ்சள் சாயம் விட்டுப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை. கண்பாப்பா மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் கோணியிருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தேன். மனைவி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவருடைய வலது கண்ணை என் உள்ளங்கையால் மறைத்தேன்.

"என்ன தெரியுது?"

அவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். அதுவரை இருந்த என் தைரியம் அப்போது லேசாக ஆடியது உண்மை.

"மங்கலா இருக்கு டாக்டர். கதவுகிட்ட யாரோ நிக்கறாங்க. உள்ள வரப் பயந்துக்கிட்டு."

"யாருன்னு தெரியுதா?"

"அப்படித் தோளைத் தொங்கப் போட்டு நிக்கறது வேற யாரு? மச்சான், உள்ள வாங்க."

மச்சான் வந்தார். கண்ணீர் வழிந்த முகத்தைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அதுவரை அண்ணனோடு ஒரு வார்த்தை பேசாமலிருந்த தங்கை, எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.