இரண்டு மில்லிமீட்டர்

கல்லூரி ஆய்வகத்தின் விதை அறைக்கு ஜன்னல் கிடையாது. விதைகளுக்கு எப்போதும் ஒரே சூடு, ஒரே வெளிச்சம் வேண்டும் என்று நாலு பக்கமும் அடைத்துக் கனத்த கதவு ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதற்குள் உட்கார்ந்துதான் மூன்றாம் ஆண்டு மாணவி தன் சி.வி.யை எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மேற்படிப்புக்கு உதவித்தொகையோடு ஓர் இடம். அது கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் படிப்பு இதோடு சரி.

பெயர், படிப்பு, மதிப்பெண் எல்லாம் எழுதியும் பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லை, பாவம். இருபது வயதுப் பெண் சாதனைக்கு எங்கே போவாள்? ‘கணினி தெரியும்’ என்று ஒரு வரி போட்டாள். வெட்கமாக இருந்தது, அழித்தாள். உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. போன மாதம் வெளியான ஆய்வுக் கட்டுரை. அதில் மூன்றாவது பெயர் அவளுடையது. பேருந்து ஓட்டும் அப்பா அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து தன் இருக்கைக்கு மேலே மாட்டிவிட்டார். “டிக்கெட் எடுக்காதவன்கூட அதைப் படிச்சிட்டுத்தான் இறங்கணும்” என்பார்.

சேமித்து வைத்த விதை மூன்றாம் மாதத்தில் சட்டென்று முளைக்கும் திறனை இழக்கிறது என்பதுதான் கட்டுரை. மாதாமாதம் ஐந்நூறு விதைகளைத் தட்டுகளில் விரித்த ஈரத்தாளில் பரப்பி, முளைத்தவற்றை எண்ணியது இவள். ‘எண்ணினேன்’ என்று எழுதினால் என்னவோபோல் இருந்தது. கொஞ்சம் கௌரவமான சொல் கிடைக்குமா என்று செய்முறைக் கையேட்டை முதல்முறையாகப் புரட்டினாள். வேர் இரண்டு மில்லிமீட்டர் நீண்டால்தான் ‘முளைத்தது’ என்று கணக்கு என்றிருந்தது.

விரல் அந்த வரியிலேயே நின்றது. முதல் இரண்டு மாதம் தோல் விரிந்ததையெல்லாம் முளைத்தது என்றே எண்ணியிருந்தாள். மூன்றாம் மாதம்தான், ஆறு வருடமாக அங்கே முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் சீனியர் அக்கா, போகிறபோக்கில் “வேர் நல்லா வந்ததை மட்டும் எண்ணுடி” என்றிருந்தாள்.

அந்த அக்காவே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

“அக்கா, மூணாம் மாசம் விதைக்கு ஒண்ணும் ஆகலக்கா. நான் எண்ணுற விதம்தான் மாறிச்சு.”

அக்கா கையேட்டைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். திரும்பிப் போய்க் கதவை அழுத்திச் சாத்தினாள்.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்லக்கா.”

“சொல்லாத. என் தீசிஸே அது மேலதான் நிக்குது. கல்யாணத்தைக்கூட தள்ளிப்போட்டுட்டு உக்காந்திருக்கேன்டி.”

“அப்ப சி.வி.ல அதைப் போடாம விட்டுடவா?”

“நம்ம கைடு சார் உனக்குக் குடுத்த சிபாரிசு லெட்டர் பூரா அந்தப் பேப்பரைத்தான் புகழ்ந்திருக்காரு. நீ விட்டா ஏன்னு கேக்க மாட்டாங்களா?” குரல் இறங்கியது. “போட்டுடு கண்ணு. ஒரு வரிதானே.”

அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். இவள் காய்ச்சலில் கிடந்த வாரம் தன் வேலையைப் போட்டுவிட்டு இவளுடைய தட்டுகளுக்குத் தண்ணீர் விட்டவள், கண்ணு என்கிறாள்.

அக்கா போனதும் கைபேசி அடித்தது.

“அனுப்பிட்டியாம்மா?”

“இன்னும் இல்லப்பா.”

“என்ன பயம்? அந்த ஒரு பேப்பர் போதும் உனக்கு.”

“அப்பா, பஸ்ல மாட்டினதைக் கழட்டிடுங்களேன்.”

“ஏம்மா?”

“வெயில்ல மங்கிடும்.”

“அதுக்குத்தானே லேமினேட் பண்ணேன்!” அப்பா சிரித்தார். பின்னால் யாரோ மணியடித்தார்கள். வைத்துவிட்டார். எழுந்து கதவுவரை போனாள். கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

திரையில் ‘கட்டுரைகள்’ என்ற தலைப்புக்குக் கீழே, காலி இடத்தில் சின்னக் கோடு அணைந்து அணைந்து எரிந்தது. நாலே முக்கால். மூன்று நாள் முன்பு பரப்பிய தட்டு ஒன்றை இழுத்து மூடியைத் திறந்தாள். ஓரத்து விதையில் தோல் விரிந்து, வெள்ளையாய் ஒரு நுனி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் ஸ்கேலை வைத்தாள். ஒன்றரை. இன்னும் குனிந்து, மூச்சுக்காற்று பட்டுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.