வெள்ளி ராவும் ஃப்ரைடே நைட்டும்

டேவிட் என்று ஒருவன். வருஷத்துக்கு இரண்டு முறை பனியில் சறுக்கப் போவான். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் காட்டுக்குள் பிக்னிக் வைப்பான். எப்போதாவது ஒருநாள், மனசு வந்தால், தாயைப் போய்ப் பார்ப்பான். மசூர் சேரின் டியூட்டரிக்கு இங்கிலிஷ் படிக்க வந்தவர்கள் எல்லாரும் பன்னிரண்டு வருஷமாக இந்த டேவிட்டின் பின்னால்தான் அலைகிறார்கள். டேவிட் இருப்பது சேர் தன் கைப்பட எழுதிய நோட்டில். ஃபோட்டோ கொப்பியிலிருந்து ஃபோட்டோ கொப்பி எடுத்து எடுத்து, இப்போது டேவிட்டின் பெயரில் பாதிதான் தெரியும்.

றிஸ்லாவும் பள்ளிக்கூட வயதில் அதைத்தான் படித்தாள். அப்போதே அவளுக்கு அவனைப் பிடிக்காது.

இப்போது அவளுக்கு இருபத்து மூன்று. யூடியூப் பார்த்தும், அறுகம்பேக் கடற்கரையில் வெள்ளைக்காரரோடு வலியப் போய்க் கதைத்தும் சேர்த்துக்கொண்ட இங்கிலிஷ், மசூர் சேருடையதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அது சேருக்கும் தெரியும். பொத்துவில் டியூட்டரியின் பெண்கள் வகுப்பைத் தனக்குத் தரும்படி மூன்று முறை கேட்டாள். மூன்றாம் முறைதான், "ஞாயித்துக்கிழம ஒரு பாடம் எடுத்துக் காட்டுங்க, பாப்பம்" என்றார். அந்த ஒரு மணித்தியாலம் அவருக்குப் பிடித்தால் வகுப்பு அவளுடையது. பிடிக்காவிட்டால் கல்முனையிலிருந்து வேறு ஆள் வரும். அவள் இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை.

ஞாயிறு நான்கு மணி. முன்வாங்குகளில் ஆறு பெண்கள். கடைசி வாங்கில் மசூர் சேர், கையில் நோட்டு. காலமும் தடவையும் சொல்வது எப்படி என்பதுதான் பாடம்.

"ஒன்ஸ் எ வீக், கிழமைக்கு ஒருக்கா. எவ்ரி அதர் டே, ஒருநாள் விட்டு ஒருநாள். ஹார்ட்லி எவர், இல்ல எண்டே சொல்லலாம்" என்று போர்டில் எழுதினாள். பிறகு டேவிட்டை வாசித்தாள். ஆறு பேரும் திருப்பிச் சொன்னார்கள். ஆறு குரலிலும் கொட்டாவி.

றிஸ்லா நோட்டை மூடி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"டேவிட் சறுக்கினது காணும். ஒங்கட கதையச் சொல்லுங்க. ஜெனூபா ராத்தா, ஒங்கட மாப்பிள கட்டார்ல இரிந்து எப்ப எப்ப வாற?"

கணவன் வந்துபோன கணக்கை ஜெனூபா விரல் மடக்கி யோசித்தாள். "ஒன்ஸ் இன் டூ இயர்ஸ்."

"ஃபோன் கோல் எடுக்கிற?"

"எவ்ரி ஃப்ரைடே, ஆஃப்டர் ஜும்ஆ. மத்த நாள்ல ஹார்ட்லி எவர்" என்று சொல்லிவிட்டு ஜெனூபா தானே சிரித்தாள்.

ஆறு பேரிலும் இளையவள் றிப்னா கையைத் தூக்கினாள். "டீச்சர், எங்கட மாமி ஏசுறதுக்கு எவ்ரி டே போடுறதா, ஒல்வேஸ் போடுறதா?"

"ரெண்டையும் போடுங்க."

வகுப்பு விழித்துக்கொண்டது. கடைசி வாங்கில் மட்டும் நோட்டின் தாள் ஒன்று சத்தமாகப் புரண்டது.

அப்போதுதான் ஸுஹைறா எழுந்தாள். வீட்டிலிருந்தே சாப்பாட்டுக்கு ஓடர் எடுப்பவள், நாற்பது வயது இருக்கும்.

"தங்கச்சி, எனக்கு ஒண்டு வெளங்கல்ல. போன மாசம் அறுகம்பேயில ஹோட்டல் வெச்சிரிக்கிற வெள்ளக்காரி ஒருத்தி கோல் எடுத்தா. ஃப்ரைடே நைட் இருவது புரியாணிப் பார்சல் வேணுமாம். ஓம் எண்டன். வெள்ளி ராவு சமைச்சி ஆட்டோவில ஏத்தி அனுப்பினா, அங்க ஒரு மனிசரும் இல்ல. அடுத்த நாள் மஹ்ரிபுக்குப் பொறகு அவ கோல் எடுத்து ஏசுறா, சாப்பாடு எங்கயாம்."

"நீங்க எப்ப சமைச்ச?" என்றாள் ஜெனூபா.

"வெள்ளி ராவுதான். யாசீன் ஓதி முடிச்சிட்டு வந்துதானே தம் போட்டன்."

"அப்ப சரிதானே."

"சரியாத்தான் சமைச்சன்."

ஆறு பேரில் ஒருத்திக்கும் எங்கே பிழை வந்தது என்று தெரியவில்லை. இந்தக் கரையில் முஸ்லிம் வீடுகளில் நாள் மஹ்ரிபோடு, அந்தித் தொழுகையோடுதான் பிறக்கும். வியாழன் பொழுது கடலுக்கு எதிர்ப்பக்கம் இறங்கியதுமே வெள்ளி ராவு வந்துவிடும். வெள்ளிக்கிழமை பின்னேரம் இருட்டினால் அது சனி ராவு. வெள்ளைக்காரிக்கோ நாள் நடுச்சாமத்தில்தான் மாறும். புரியாணி ஒரு நாள் முந்திப் போய்விட்டது.

"இருவதையும் என்ன செஞ்ச?" என்று கேட்டாள் ஜெனூபா.

"என்ன செய்ற, அக்கம்பக்கத்துக்குக் குடுத்தன். ருசியா இரிந்திச்சாம். அவ மட்டும் பொறகு ஓடர் தரல்ல."

றிஸ்லாவுக்குக் கை பரபரத்தது. இப்படி ஒரு பாடம் கேட்டாலும் கிடைக்காது. போர்டின் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்கு மேலே மஹ்ரிபிலிருந்து மஹ்ரிப் வரை நம்முடைய நாட்கள். கீழே நடுச்சாமத்திலிருந்து நடுச்சாமம் வரை அவர்களுடைய நாட்கள். இரண்டும் பொருந்தாமல் சறுக்கி நிற்கும் இடத்தில், மஹ்ரிபுக்கும் நடுச்சாமத்துக்கும் இடையில், சிவப்பு மையால் நிழல் தீட்டினாள்.

"இந்தச் செவப்புக்குள்ளதான் ராத்தாட புரியாணி விழுந்த. அவங்க ஃப்ரைடே நைட் எண்டா, நமக்குச் சனி ராவு. இனி ஓடர் வந்தா, விச் டேட், வட் டைம் எண்டு கேளுங்க. தேதிய வாங்கிட்டுத்தான் ஓம் எண்டு சொல்லணும்."

"யா அல்லாஹ், இவ்வளவுதானா" என்றாள் ஸுஹைறா. ஆறு பேரும் தலை குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.

"றிஸ்லா." மசூர் சேர் எழுந்து நின்றார். "இது இங்கிலிஷ் வகுப்பு. மஹ்ரிபும் யாசீனும் மதரசாவுக்கு. அத அழிச்சிட்டு நோட்டப் படிப்பியுங்க."

"இதுவும் இங்கிலிஷ்தான் சேர்."

"இங்கிலிஷ் படிக்கிறண்டா இங்கிலிஷ் கணக்குக்கு மாறணும். நம்மட கணக்கு பிழ எண்டு சொல்லிக் குடுங்க. அழியுங்க."

"பிழ இல்லாதத எப்பிடிப் பிழ எண்டு சொல்ற? அழிக்க மாட்டன் சேர்."

டியூட்டரியின் கூரையில் வெயில் தகரத்தை முறுக்கும் சத்தம் கேட்டது. றிஸ்லா மார்க்கரைக் கீழே வைக்கவில்லை. இந்த இடத்தில் வாயை மூடினால் வகுப்பு கிடைக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் திரும்பினாள்.

"ஸுஹைறா ராத்தா, நீங்க இங்க முந்தியும் படிச்சயா?"

"ஓம், போன வருஷம் ஆறு மாசம். சேர்ட நோட்டுத்தான். சேட்டிபிகட்டும் தந்தாரு, ஃப்ரேம் போட்டு வெச்சிரிக்கன்."

றிஸ்லா சேரைப் பார்த்தாள். "ஆறு மாசம் டேவிட்டோட படிச்ச மனிசி சேர். டேவிட் எப்ப பிக்னிக் போவான் எண்டு நித்திரயிலயும் சொல்லுவா. அவட ஓடர் எப்ப எண்டுதான் அவக்குத் தெரியல்ல. நோட்டுல அது இல்ல."

மசூர் சேர் முன்னால் நடந்து வந்தார். டஸ்டரை எடுத்து, மேலே இருந்த நாட்களை ஒவ்வொன்றாக அழித்தார். கீழே இருந்தவை மட்டும் மிஞ்சின.

"வகுப்பு வேணுமெண்டா நோட்டப் படிப்பிக்கணும்" என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது. "ரெண்டு நாள் யோசிச்சிட்டு வாங்க."

"ரெண்டு நாள் தேவல்ல சேர். ஒருநாளும் படிப்பிக்க மாட்டன்."

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கேட்டைத் தாண்டிய பிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்தது, அதுவும் ஆத்திரத்தில். ஒரு மணித்தியாலத்தில் பாதிகூட ஆகவில்லை. உம்மா கேட்டால் என்ன சொல்வது? உள்ளதைச் சொன்னேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பின்னால் செருப்புச் சத்தம். ஸுஹைறாவும் ஜெனூபாவும் அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்கள்.

"றிப்னாவும் வருவாள்தான், புரிசன் வந்து இங்க கேட்டடியில தேடுவாராம்" என்றாள் ஜெனூபா, மூச்சு வாங்க. "மத்தாக்கள் சேருக்குப் பயம்."

"நீ நடக்கிற நடைக்கு எங்கயோ கப்பல் புடிக்கப் போறாய் போல" என்றாள் ஸுஹைறா. "என்ட ஊட்ட சமைக்கிற குசினிக்குப் பக்கத்துல ஒரு அறை சும்மா கிடக்கு. கிழமைக்கு ரெண்டு தரம் வருவியா? பின்னேரம், அசர் தொழுதிட்டு."

றிஸ்லா முகத்தைத் துடைத்தாள். "போர்டு இரிக்கா?"

"சுவர் இரிக்கி. கரியால எழுது, நான் வெள்ள அடிச்சிக்கிறன்."

"ரெண்டு பேருக்காக ஒரு வகுப்பா எண்டு ஊர் சிரிக்கும் ராத்தா."

"சிரிக்கட்டும். ரெண்டு பேர் காணாதா?"

"காணும்" என்றாள் றிஸ்லா. "நாளைக்கே தொடங்குவம்."