சங்கத்துக்குச் சொன்னது யார்?

மின்னஞ்சல் வந்தபோது கிறிஸ்டல் தீவிலிருந்து அக்கரை பட்டர்வொர்த் போகும் பெர்ரிப் படகில் இருந்தாள். நான்கே வரி. மாநில மகளிர் பூல் பில்லியர்ட்ஸ் அணித் தேர்வுக்கு இன்னும் இருபத்து நான்கு நாள் இருக்கிறது; உங்கள் கழுத்தில் காயம் இருப்பதாகச் சங்கத்துக்குத் தகவல் வந்திருக்கிறது; விளையாடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் இல்லாமல் உங்களைச் சேர்த்துக்கொள்ள இயலாது. கீழே பூல் சங்கச் செயலாளரின் பெயர்.

மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் ‘தகவல் வந்திருக்கிறது’ என்ற இடத்தில் கண் நின்றது. யார் கொடுத்த தகவல்?

காயம் உண்மைதான். ஐந்து வாரத்துக்கு முன்னால், அலுவலகம் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, சிக்னலில் நின்றவளைப் பின்னால் வந்த வேன் ஒன்று இடித்தது. அவள் விழவில்லை. தலை மட்டும் ஒரு தரம் பின்னால் போய் முன்னால் வந்தது. ரத்தம் இல்லை, சிராய்ப்புகூட இல்லை. மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு ஒன்று பிதுங்கி, வலது கைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார். என்ன விளையாட்டு விளையாடுகிறாள் என்று விசாரித்துவிட்டு, எப்படி நிற்பாள் என்று காட்டச் சொன்னார். அவள் கையில் குச்சி இருப்பதுபோல நினைத்துக்கொண்டு, தாடை அதைத் தொடும் அளவுக்குக் குனிந்து, தலையை மட்டும் நிமிர்த்தி எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

“போதும், எழுந்திரிங்க. இதுதான் கூடவே கூடாது,” என்றார் டாக்டர். “குறைஞ்சது மூணு மாசம்.”

மூன்று மாதம் என்றால் தேர்வு போய்விடும். முப்பத்துமூன்று வயதில் மாநில அணிக்கு இன்னொரு வாய்ப்பு வரும் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை. தேர்வு முடிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம், அதுவரை யாருக்கும் தெரியவேண்டாம் என்று முடிவு செய்தாள். கழுத்துப் பட்டையை வீட்டில் மட்டும் போட்டுக்கொண்டாள்.

விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் அப்பா ஆர்தர். இன்னொருத்தி ரொஸ்னா. அன்றைக்கு அவளை மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப் போனவள் ரொஸ்னாதான். இரட்டையர் ஆட்டத்தில் மூன்று வருடமாக அவளுடைய ஜோடியும் அவள்தான். “யார்கிட்டயும் சொல்லாதே” என்று கிறிஸ்டல் கேட்டபோது ரொஸ்னாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்டல் முதலில் அப்பாவைப் பிடித்தாள்.

“அப்பா, என் கழுத்தைப் பத்தி வெளிய யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“கோயில்ல ஃபாதர்கிட்ட சொன்னேன். ஜெபத்துல நினைச்சுக்கச் சொல்லி.”

“சங்கத்துக்கு?”

“எந்தச் சங்கம்? நம்ம தெரு மத்யாஸ் இறந்தப்ப காசு வசூல் பண்ணாங்களே, அதுவா?”

அவள் மேலே கேட்கவில்லை. மீதி இருந்தது ஒரே பெயர்.

அவர்கள் ஆடும் பூல் மையம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளி, ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. யூசுப் என்ற ஐம்பது வயதுக்காரர் அதை நடத்தினார். பயிற்சி கொடுப்பவரும் அவரே. அடுத்த சனிக்கிழமை மாலை கிறிஸ்டல் படியேறி உள்ளே போனபோது, மூன்றாம் மேசையில் ரொஸ்னா ஆடிக்கொண்டிருந்தாள். அது வழக்கமாக அவர்கள் இருவரும் ஆடும் மேசை. எதிரே குச்சியோடு நின்றவள் ஃபாத்தின், கல்லூரியில் படிக்கிற பெண், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

“சும்மா லா, அவளுக்குக் கொஞ்சம் பழகிக் கொடுக்கறேன்,” என்றாள் ரொஸ்னா, கேட்காமலேயே.

கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் என்று கிறிஸ்டலுக்குத் தோன்றியது.

அன்று முதல் அவள் கவனிக்க ஆரம்பித்தாள். கவனிப்பது அவளுக்குச் சுலபமாக இல்லை. கழுத்து திரும்பாது, பக்கத்தில் ஒருவரைப் பார்க்கவேண்டும் என்றாலும் தோளோடு சேர்த்து உடம்பு முழுவதையும் திருப்பவேண்டும். பின்னால் யூசுப்பும் ரொஸ்னாவும் தணிந்த குரலில் பேசுவது காதில் விழும். அவள் திரும்பி முடிப்பதற்குள் பேச்சு நின்றுவிடும். யூசுப் பந்துகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். ரொஸ்னா தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள்.

“என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?”

“ஒண்ணுமில்ல. ஏர்கோன் சத்தம் போடுது, ஆளைக் கூப்பிடணும்னு அண்ணன் சொல்றாரு.”

கிறிஸ்டல் காது கொடுத்துக் கேட்டாள். ஏர்கோன் சத்தமில்லாமல் குளிர்காற்று விட்டுக்கொண்டிருந்தது.

புதன்கிழமை அலுவலகத்திலிருந்து நேராக அங்கே போனாள். ரொஸ்னாவின் கைபேசி மேசை ஓரத்தில் கிடந்தது. அதில் வெளிச்சம் வந்ததும் கிறிஸ்டலின் கண் தன்னால் போனது. யூசுப் பெயர். ‘அவ படியேறி வர்றா. அப்புறம் பேசலாம்.’ ரொஸ்னா சாவகாசமாக வந்து கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். “கழுத்து எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“பரவால்ல.”

“கை?”

“அதுவும் பரவால்ல.”

உண்மையில் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காலையிலிருந்து மரத்துக் கிடந்தன. அதைச் சொன்னால் அடுத்த நாளே சங்கத்துக்குப் போய்ச் சேரும் என்று அவள் நினைத்தாள். ரொஸ்னாவிடம் எதையும் சொல்வதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். அன்று இரவு படுக்கையில் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஃபாத்தின், கிசுகிசுப்பு, கைபேசிச் செய்தி. கழுத்து வலி ஒரு பக்கம். இது ஒரு பக்கம். எது தூங்கவிடாமல் செய்கிறது என்று பிரிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பூசை முடிந்து, பள்ளிவாசல் சாலையில் இருந்த நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு ரொஸ்னாவை வரச் சொன்னாள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ரொஸ்னா இரண்டு வாய் சாப்பிடும்வரை கிறிஸ்டல் காத்திருந்தாள்.

“நீதானே சொன்னே?”

“என்னது?”

“சங்கத்துக்கு. என் கழுத்தைப் பத்தி.” கைபேசியில் மின்னஞ்சலைத் திறந்து காட்டினாள்.

ரொஸ்னா படித்தாள். அவள் முகத்தில் பெரிய ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை. கிறிஸ்டல் அதையும் குறித்துக்கொண்டாள்.

“நான் சொல்லல.”

“அப்பாவுக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.”

“நான் சொல்லல, கிறிஸ்டல். ஆனா சொல்லியிருக்கணும். சொல்லாம இருந்ததுதான் என் தப்பு. கை மரத்துப் போகுதுன்னு அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீயே சொன்னே. நாளைக்கு கை விளங்காமப் போச்சுன்னா?”

“அதான் ஃபாத்தினை ரெடி பண்ணி வச்சிட்டியா?”

“அவளை ஏன் இழுக்கறே?”

“எனக்கு எல்லாம் தெரியும் லா. நான் வந்தாலே நீயும் யூசுப் அண்ணனும் வாயை மூடிக்கிறீங்க. அந்த வேன் என்னை இடிச்சப்பவே உனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்திருக்கும்.”

சொன்ன பிறகுதான் அதன் கனம் அவளுக்கே தெரிந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. ரொஸ்னா தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து போய்க் கையைக் கழுவி வந்தாள். கார் சாவியை எடுத்தாள்.

“வா, வீட்டுல விடறேன். வண்டியில எதுவும் பேசாதே.”

“நானே போய்க்குவேன்.”

ரொஸ்னா இரண்டாவது முறை கூப்பிடவில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. டாக்டரிடம் எப்படியாவது கடிதம் வாங்கிவிடலாம், அதற்கு முன்னால் தன்னால் ஆடமுடியும் என்று தனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கதவு திறந்ததுமே போனாள். சில வாரங்களாக அவள் தனியாகப் பழகுவது இந்த நேரத்தில்தான். வேறு யாரும் வருவதில்லை. மேசையில் ஒன்பது பந்துகளை அடுக்கினாள். குனிந்தாள். தலையை நிமிர்த்தியதும் பிடரியிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு கம்பி சுண்டி இழுத்தது. குச்சியை முன்னால் செலுத்தும்போது விரல்கள் அதைப் பிடித்திருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. வெள்ளைப் பந்து மேசையைத் தாண்டிக் குதித்து ஓடியது. குச்சி தரையில் விழுந்தது.

யூசுப் பந்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

“இது எத்தனாவது தடவைம்மா?”

“இன்னிக்குத்தான் அண்ணே. கை வேர்த்திருச்சு.”

அவர் அவளைக் கல்லாவுக்கு அழைத்துப் போனார். அங்கே கேமராப் பதிவு பார்க்கும் சின்னத் திரை இருந்தது. தேதியைத் தேடி ஓட்டினார். திரையில் கிறிஸ்டல் தன்னையே மேலிருந்து பார்த்தாள். குனிகிறாள், அடிக்காமல் எழுந்து விடுகிறாள், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறாள். குச்சி விழுகிறது. யாராவது பார்த்தார்களா என்று உடம்பை முழுக்கத் திருப்பிப் பார்க்கிறாள். யூசுப் வேறு தேதிக்குப் போனார். அதிலும் குச்சி விழுந்தது. மூன்று வாரத்தில் ஏழு தடவை.

“நான்தான் சங்கத்துக்கு எழுதினேன்,” என்றார் யூசுப்.

“அப்ப ரொஸ்னா?”

“அவ எழுத வேணாம்னா. ரெண்டு வாரமா என்கிட்ட கெஞ்சிக்கிட்டிருந்தா. ‘அவளே நிறுத்திடுவா அண்ணே, அவளே சொல்லட்டும், இன்னும் ரெண்டு நாள் குடுங்க’ன்னு. உனக்கு அடிபட்டதையே அவ சொல்லல. இந்தப் பதிவைப் போட்டுக் காட்டினப்புறம்தான் ஆமான்னா.”

“என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே அண்ணே?”

“கேட்டேனே. கழுத்து வலிக்குதான்னு ரெண்டு தடவை கேட்டேன். ராத்திரி சரியா தூங்கலைன்னு சொன்னே.”

அது உண்மை. அவளுக்கு நினைவிருந்தது.

“ஃபாத்தின்?”

“அவளையும் நான்தான் சேர்த்துவிட்டேன். உன்னால முடியலைன்னா ரொஸ்னா யார்கூடப் போவா? இரட்டையர் தேர்வுக்கு ஜோடி இல்லாம அவளை உள்ளேயே விடமாட்டாங்க. அதை யோசிச்சியா நீ?”

கிறிஸ்டல் யோசித்திருக்கவில்லை. இந்த ஏழெட்டு வாரத்தில் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. தன் தேர்வு, தன் கழுத்து, தன்னைச் சுற்றி நடக்கும் சதி என்றே நாட்கள் போயிருந்தன. ரொஸ்னாவுக்கும் அது தேர்வுதான் என்பது இப்போதுதான் அவள் மனதில் உறைத்தது. குச்சியை உறையில் போட்டுக்கொண்டு, யூசுப்பிடம் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள்.

வீட்டுக்குப் போய்ச் சங்கத்துக்கு இரண்டு வரி எழுதினாள்: காயம் உண்மை, விலகிக்கொள்கிறேன். கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தது அதுதான் முதல் தடவை. பெர்ரியில் இரண்டு பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள். அக்கரையில் ரயில் பிடித்து புக்கிட் மெர்தாஜாமில் இறங்கினாள். ரொஸ்னாவின் வீடு நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை.

ரொஸ்னா வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டைத் திறக்கவில்லை, குழாயை மட்டும் மூடினாள்.

“யூசுப் அண்ணன் சொன்னாரு,” என்றாள் கிறிஸ்டல்.

“ம்.”

“அவர்தான்னு உனக்குத் தெரியும். அன்னிக்கு ஏன் அவர் பேரைச் சொல்லல?”

“அவர் செஞ்சத அவர்தானே சொல்லணும். நீ என்னைக் கேட்டது ‘நீயா’ன்னு. இல்லன்னு சொன்னேன். நீ அதை நம்புவேன்னு நெனச்சேன்.”

கிறிஸ்டல் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த விளக்கங்கள் அத்தனையும் அங்கே நின்றபோது உதவவில்லை.

“மன்னிச்சிரு. வேனைப் பத்திச் சொன்னது ரொம்பப் பெரிய தப்பு.”

“அதை நான் எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. சொல்லவே கூச்சமா இருந்துச்சு. மூணு வருஷம் ஒண்ணா நின்னுருக்கோம், என்னைப் பத்தி இதையா நெனப்பா ஒருத்தின்னு.”

கிறிஸ்டல் குனிந்து அழக்கூட முடியாமல் பட்டைக்குள் தலையை நேராக வைத்துக்கொண்டு அழுதாள். ரொஸ்னா கேட்டைத் திறந்தாள்.

“வெயில்ல நிக்காதே, உள்ள வா. ஆனா ஒண்ணு, உள்ள கூப்பிட்டதால எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்காதே.”

“நெனக்கல.”

தேர்வில் ரொஸ்னாவும் ஃபாத்தினும் மூன்றாவதாக வந்தார்கள். மாநில அணியில் மாற்று ஆட்டக்காரர்களாக இடம் கிடைத்தது. கிறிஸ்டல் பார்க்கப் போயிருந்தாள். ஃபாத்தின் தவறவிட்ட ஒரு பந்தைத் தன்னால் போட்டிருக்க முடியும் என்று நெஞ்சுக்குள் ஒரு எரிச்சல் வந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. பக்கத்தில் இருந்த அப்பாவிடம் சொன்னாள். “இருக்கும்மா,” என்றார் அவர்.

பிறகு வந்த மாதங்கள் இழுத்தன. வாரம் இரண்டு நாள் பிசியோ. தாடையை உள்ளே இழுத்துப் பத்து எண்ணுவது, துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கடியில் வைத்துப் படுப்பது. சனிக்கிழமை காலைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவோடு சந்தைக்குப் போனாள். கட்டைவிரல் தேறியது, ஆள்காட்டி விரலின் நுனி தேறவில்லை. இனிமேலும் தேறாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரொஸ்னா முன்புபோல நினைத்தபோதெல்லாம் கூப்பிடுவதில்லை. கிறிஸ்டல் செய்தி அனுப்பினால் மறுநாள் பதில் வரும். நான்காவது மாதம் பதில் அன்றைக்கே வரத் தொடங்கியது.

ஏழாவது மாதம், கால் மணி நேரம் ஆடிப் பார்க்கலாம் என்று டாக்டர் அனுமதித்தார். கிறிஸ்டல் மருத்துவமனை வாசலிலிருந்தே ரொஸ்னாவைக் கூப்பிட்டாள். “நானும் வர்றேன்,” என்றாள் ரொஸ்னா.

மூன்றாம் மேசை அருகே கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு ரொஸ்னா நின்றாள். கிறிஸ்டல் முன்புபோலத் தாழக் குனியாமல், பாதி நிமிர்ந்து நின்று ஆடினாள். ஆறு பந்துகளில் இரண்டுதான் விழுந்தன. குறி எல்லாம் தள்ளிப் போயிருந்தது. ஏழாவது பந்துக்குக் குச்சியை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

“விரல் மரக்குது,” என்றாள்.

“எவ்வளவு?”

“கொஞ்சம்தான். ஆனா மரக்குது.”

ரொஸ்னா கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நிமிடம் ஆகியிருந்தது. கையை நீட்டிக் குச்சியை வாங்கி, மிச்சமிருந்த பந்துகளை ஒவ்வொன்றாகக் குழியில் போட்டு முடித்தாள்.