புளிக்காத மண்

மூன்றாம் நம்பர் முளைக்குச்சியை நெருங்க நெருங்கச் சோணை நடையைக் குறைத்தான். முன்னால் பவதாரணி மீட்டர் பையோடு நடந்தாள். மம்பட்டியும் தண்ணிக் கேனும் சோணை கையில்.

பொட்டிபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் கம்பி வேலி போட்டு வைத்த நாற்பது ஏக்கர் அது. ஆடு கடித்தும் விறகுக்கு வெட்டியும் மொட்டையாய்ப் போன கரட்டைத் திரும்பக் காடாக்கப் பார்க்கிறது ஒரு அறக்கட்டளை. சோணை அங்கே காவல். வருசத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால், பவதாரணி தேனியிலிருந்து வருவாள். முளையடித்த பத்தொன்பது இடத்தில் மண்ணெடுத்து, தண்ணீரில் கலக்கி, மீட்டரை முக்கி எண் பார்ப்பாள். மண்ணுக்கு நாடி பிடிக்கிற மாதிரி என்று போன வருசமே சொல்லியிருந்தாள். ஏழுக்குக் கீழே இறங்கினால் புளிப்பு, மேலே ஏறினால் காரம். இந்தக் கரடு எட்டை ஒட்டித்தான் நிற்கும். அதற்குப் பழகின மரம்தான் இங்கே பிழைக்கும்.

அவள் சொன்னதில் பாதிதான் சோணை மண்டையில் ஏறியது. மீதி இடத்தில் இருபத்திரண்டு வருச ஏலக்காய்த் தோட்ட வேலை உட்கார்ந்திருந்தது. போடிமெட்டுக்கு மேலே மண்ணு எப்பவும் புளித்துத்தான் கிடக்கும். இலை வெளுத்தால் புளிப்பு முறியத் தூருக்குச் சுண்ணாம்பு தூவு, அதுதான் வைத்தியம். முழங்கால் போய் மலையை விட்டு இறங்கினவன், சித்திரையில் மூன்றாம் முளை நிற்கிற இந்த மூலையில் உசிலங்கன்றுகள் இலை மஞ்சளித்ததும் யாரையும் கேட்கவில்லை. மச்சினனிடம் சொல்லி ஜீப்பில் சுண்ணாம்பு மூட்டை இறக்கினான். கன்று பட்டுப்போனால் காவல்காரன் தண்ணி ஊற்றவில்லை என்றுதானே பேசுவார்கள்.

தூவின பிறகும் கன்றுகள் காய்ந்தன. போட்டது போதவில்லை என்று நினைத்தான். அங்கேயும் பரவிவிடக் கூடாதென்று, போன வாரம் கீழ்ச்சரிவில் நூற்றுப்பத்துக் கன்றுக்கும் தூருக்கு இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டான்.

இப்போது முளைக்கு ஒரு முழம் தள்ளி மம்பட்டியை ஓங்கினான்.

"அங்க இல்லண்ணே. முளைக்கு நேரா வெட்டுங்க."

வெட்டினான். அவள் கலக்கினாள், முக்கினாள், முகத்தைச் சுருக்கினாள். மீட்டரைக் கழுவி மறுபடி முக்கினாள். ஒன்பது புள்ளி நாலு. போன ஐப்பசியில் எட்டு புள்ளி ஒன்று.

மண்ணு தானாக இப்படி ஏறாது என்றாள். நிமிர்ந்து, வேலிக்கு அப்பால் மேட்டில் இருந்த கண்ணுச்சாமியின் தென்னந்தோப்பைப் பார்த்தாள். அவர் ஆழ்துளையில் உவர்த்தண்ணிதான், பாய்ச்சினது வழிந்து இங்கே இறங்கியிருக்கும். மனு போட்டு அந்தக் குழாயை அடைக்கச் சொன்னால்தான் சரிப்படும் என்றாள்.

தப்பித்தோமடா சாமி என்றுதான் சோணைக்கு முதலில் தோன்றியது. கண்ணுச்சாமிக்கு அந்தத் தண்ணியை விட்டால் வேறு கதியில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆனாலும் உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு வேறெங்கே சோலி கிடைக்கும்?

"இதுக்கு என்ன வைத்தியம் தாயி?" என்றான்.

"பட்டது பட்டதுதாண்ணே. மண்ணுல சத்து இருக்கும், வேர் எடுக்காது. வாயைக் கட்டிட்டுச் சோத்துப் பானை முன்னால உக்கார வச்ச மாதிரி. கன்னு போகும், புழு பூச்சி போகும். பாருங்க, ஒரு எறும்புகூட இல்ல. நல்லவேளை, இந்த மூலையோட நின்னுச்சு."

மூலையோடு நிற்கவில்லை என்பது சோணைக்குத்தான் தெரியும். கீழ்ச்சரிவில் சுண்ணாம்பு இன்னும் மேலாகத்தான் கிடக்கிறது. போடிமெட்டுப் பக்கம் வானம் கருத்து, இடி உருண்டது. இரண்டு மழை போதும், அத்தனையும் வேருக்கு இறங்கிவிடும்.

"மேலாப்புல கிடக்கையில வழிச்செடுத்துட்டா?"

"எதை?"

"மழை எறங்குறதுக்கு முன்னாடி."

"எதை வழிக்கணும்ணே?"

அவன் மம்பட்டிக் காம்பைப் பார்த்தபடியே சொன்னான்: "சுண்ணாம்பு. நாந்தேன் போட்டேன். கண்ணுச்சாமி தண்ணியில ஒண்ணும் இல்ல. கீழ பூராவும் போட்டிருக்கேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டவில்லை. எத்தனை கன்று என்று மட்டும் கேட்டாள். சொன்னதும் போனை எடுத்து ஆபீசுக்குப் பேசினாள். வெளியாள் யாரும் இல்லை, நம்ம காவல்காரர் போட்டதுதான் என்று அவன் பேரையும் சேர்த்து அவன் முன்னாலேயே சொன்னாள். போனை மடியில் செருகிக்கொண்டு, "சட்டி இருந்தா வெரசா கொண்டாங்க" என்றாள்.

கீழ்ச்சரிவில் அவன் மம்பட்டியால் வழிக்க, அவள் இரும்புச் சட்டியில் அள்ளி வேலிக்கு வெளியே பாறையில் கொட்டினாள். பதினாலாவது கன்றில் முதல் துளி விழுந்தது. பிறகு சடசடவென்று இறங்கியது. தூரில் கிடந்த வெள்ளைப்பொடி பாலாய்க் கரைந்து வேரைப் பார்த்து ஓடியது. சோணை மம்பட்டியை எறிந்துவிட்டு மண்டி போட்டுக் கையாலேயே வழித்தான். விரல் வெடிப்பில் சுண்ணாம்பு ஏறி எரிந்தது.

"இன்னும் எத்தனைண்ணே இருக்கு?" மழைக்குள்ளிருந்து கத்தினாள் பவதாரணி.

சரிவைத் திரும்பிப் பார்க்கப் பயந்து, அடுத்த கன்றுக்குத் தவழ்ந்து போனான் சோணை.