வெரேனா மதாம்மாவின் அடிக்குறிப்புகள்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் எழுத்தராக இருந்த வெங்கிடேஸ்வரன் 1973 ஆடி மாதமே இறந்திருக்க வேண்டியவர். அவர் வீட்டு மாடியில் குடியிருந்த சுவிஸ்காரி தன் புத்தகத்தை முடிக்காததால் பதினோரு வருஷம் கூடுதலாக இருந்தார். வெரேனா என்கிற அந்த அம்மாள் இலக்கிய ஆராய்ச்சிக்காரி. சொந்த நாட்டிலேயே யாரும் படிக்காத ஒரு கவிஞன் நூறு வருஷத்துக்கு முன் அதே கிடங்கில் கடிதம் எழுதும் வேலை பார்த்தானாம். மூன்று மாதத்தில் அவனைப் பற்றி எழுதி முடித்துவிடலாம் என்று வந்தவள்.

வெங்கிடேஸ்வரனின் நோய்க்கு டாக்டர் கைவிரித்த வாரத்தில் அவள் கடைசி வரியை எழுதிப் புள்ளி வைத்தாள். கீழே அவருக்கு மூச்சு நின்றது. அதை அறியாமல், ஏதோ விட்டுப்போன நினைப்பில் அவள் புள்ளியை அடித்துவிட்டு ஓர் அடிக்குறிப்பு சேர்த்தாள். இவர் எழுந்து உட்கார்ந்து, ஃபேனை யார் அணைத்தது என்று மனைவி கமலாக்ஷியிடம் எரிந்து விழுந்தார். ஒரு தடவை என்றால் தற்செயல் எனலாம். மூன்று தடவை நடந்தபின் மூவருக்கும் விஷயம் புரிந்தது.

பிறகு அடிக்குறிப்புகளாக எழுதித் தள்ளினாள். எர்ணாகுளம் படகின் நேரம், காய்ந்த இஞ்சியின் மணம், கமலாக்ஷியின் மிளகு ரசம் எல்லாம் அதில் ஏறின. ஒற்றை வரிக் கவிதைக்கு நாற்பது பக்கம். அவள் வேலை பார்த்த பல்கலைக்கழகம் கடிதம் மேல் கடிதம் போட்டுப் பார்த்து, கடைசியில் அவள் இடத்தில் வேறொருவரை நியமித்தது. ஒரு நாள் முழுக்க அழுதாள், மறுநாள் எழுதினாள். இதற்குப் பிரியம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியாது.

1984-ல் அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியது. வெங்கிடேஸ்வரன் மாடிப்படி ஏறி வந்தார்.

"போரும் மதாம்மா. கண்ணு போறதுக்குள்ள முடிச்சுடுங்கோ. எனக்காக ஒரு ஆயுசு வேலையைப் பாழாக்கினா, அந்தக் கவிஞன் அங்க என்னை நிம்மதியா இருக்க விடுவானா?"

வெரேனா கமலாக்ஷியைப் பார்த்தாள். கமலாக்ஷி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"ஊணு கழிஞ்சு ஆகட்டும்" என்றாள்.

அன்று சாப்பாட்டில் பூசணிக்காய் எரிசேரியும் பால் பாயசமும். பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு அவர் படுத்தார். வெரேனா புள்ளி வைத்தாள். இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மறுவருஷம் புத்தகம் அச்சாகி வந்தது. ஓர் எழுத்துகூடப் புரியாமல் கமலாக்ஷி அதைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"இதுல தப்பு ஏதாவது உண்டோ?"

"நாப்பத்திமூணு உண்டு, மாமி."

"திருத்த வேண்டாமா?"

வெரேனா பூதக்கண்ணாடியை எடுத்து முதல் தப்பை அடித்தாள். உள்ளறையில் யாரோ தொண்டையைச் செருமினார். கமலாக்ஷி காப்பிக்கு இன்னொரு டம்ளர் பால் ஊற்றினாள்.